மட்டம் வேண்டாம், சமம் போதும்

வாசகர் கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைச் சரிவில் 1986-ல் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. முன்னறை 12-க்கு 14 அடி. ரெட் ஆக்சைடு போட்ட சிமெண்டுத் தரை. பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் தரை ஒரு அங்குலம் இறங்கியிருக்கிறது, நடுவில் ஒரு வெடிப்பும் ஓடுகிறது. 2009 மழைக்குப் பிறகுதான் அது வந்தது என்கிறார் அம்மா. அவருக்கு 74 வயது, மூட்டுவலி. குளிர்ந்த தரையில் கால் வைக்க முடியவில்லை என்பதால் எஸ்.பி.சி. பலகை (கல் பவுடரும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த தரைப்பலகை) போடலாம் என்று இருக்கிறோம். மேஸ்திரி, அறை முழுக்க இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு மட்டம் செய்துவிட்டுத்தான் போட வேண்டும் என்கிறார். கடைக்காரர், அடியில் ஃபோம் விரித்தால் பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும் என்கிறார். ஒட்டிய உள்ளறை இன்னும் பழையது, மரப்பலகைத் தரை, நடந்தால் கிரீச்சென்கிறது. அதன் மேலும் இதையே போடலாமா? யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். மேஸ்திரி சொல்வது தேவைக்கு மிஞ்சிய வேலை. கடைக்காரர் சொல்வது வேலையே இல்லை.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஒரு அங்குலப் பள்ளம் அல்ல, "2009 மழைக்குப் பிறகு" என்ற வார்த்தைகள். அந்த நவம்பர் மழையில் நீலகிரியில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பது உங்களுக்கும் தெரியும். சரிவில் வீடு கட்டும்போது மேல்பக்க மண்ணை வெட்டி, அதையே கீழ்ப்பக்கம் கொட்டி, இடத்தைச் சமப்படுத்திக் கட்டுவது நம் மலையில் வழக்கம். அப்படிக் கட்டிய வீட்டில் பாதித் தரை வெட்டிய கெட்டி மண்ணிலும், பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண் வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். பெருமழையில் தண்ணீர் உள்ளே போனால் ஒரே வாரத்தில் பல வருஷத்து இறக்கத்தை இறங்கிவிடும். உங்கள் வீட்டில் இறங்கியது பள்ளத்தாக்குப் பக்கம். வெடிப்பு நடுவில். அநேகமாக வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும் சேரும் கோடு அந்த வெடிப்புக்கு நேர் கீழே இருக்கும்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது, தரை இறங்கி நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெடிப்பின் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அப்புங்கள். காய்ந்ததும் அதன் மேல் பென்சிலால் தேதியை எழுதுங்கள். சுவரிலும் வெடிப்பு இருந்தால், முக்கியமாக ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் வெடிப்பு இருந்தால், அங்கேயும் ஒன்று வையுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது அப்படியே கிடக்கட்டும். பூச்சில் கீறல் விடாமல் இருந்தால் தரை நின்றுவிட்டது, தைரியமாக மேலே வேலை செய்யலாம். மயிரிழை அளவு விட்டிருந்தாலும் தரை வேலையைத் தொடாதீர்கள். கட்டட அமைப்பு தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து அஸ்திவாரத்தைக் காட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வெடிப்பின் மேல் எதைப் போட்டாலும் அதுவும் வெடிக்கும்.

ஒரு மழைக்காலம் காத்திருப்பது கஷ்டம்தான். அம்மாவின் கால் குளிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. அதுவரைக்கும் கட்டில் பக்கமும் அவர் நடக்கும் வழியிலும் கெட்டியான பாய் போட்டு, அதன் விளிம்பு தடுக்காதபடி டேப் ஒட்டிவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் செய்ய வெளியிலும் வேலை இருக்கிறது. கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கீழ்ப்பக்கம் சுவரடியில் விழுந்தால், குழாய் வைத்து தூரமாகக் கொண்டுபோங்கள். தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேற விட்ட குழாய்த் துளைகள் மண் அடைத்துக் கிடந்தால் கம்பி விட்டுக் குத்தித் திறங்கள். மேல்பக்கம், வெட்டிய மண் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதைத் தள்ளி வாய்க்கால் எடுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தாலே பாதி வீடுகளில் தரைக்கு வரும் நோய் நின்றுவிடும். தரை வேலைக்கு என்னைக் கூப்பிட்டவர்களிடம், முதலில் வாய்க்காலை வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பியதும் உண்டு.

சரி, தரை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மட்டம் வேறு, சமம் வேறு. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் அது மட்டம். நேரான கோலை எப்படி வைத்தாலும் அடியில் சந்து தெரியாவிட்டால் அது சமம். சாய்ந்த பலகை மட்டமாக இருக்காது, ஆனால் சமமாக இருக்கும். எஸ்.பி.சி. பலகை கேட்பது சமம் மட்டும்தான். 14 அடிக்கு ஒரு அங்குலம் ஒரே சீராக இறங்கியிருந்தால், அதை விட்டுவிடலாம். நடக்கும்போது தெரியாது. அலமாரியின் இரண்டு காலுக்குச் சின்ன மரத்துண்டு வைத்தால் முடிந்தது.

இரண்டு அங்குலக் கான்கிரீட் ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் அறை 168 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 15.6 சதுர மீட்டர். அதில் இரண்டு அங்குலக் கான்கிரீட்டின் எடை 1,900 கிலோ வரும். ஏற்கனவே இறங்கிய கொட்டிய மண்ணின் தலையில் இரண்டு டன்னை ஏற்றி வைப்பானேன்? கதவுகளை அறுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட, சமையலறைக்குப் போகும் வாசலில் இரண்டு அங்குலப் படி ஒன்று புதிதாக முளைக்கும். மூட்டுவலி உள்ளவர் ராத்திரி எழுந்து நடக்கும் வழியில் அது வரக்கூடாது.

ஃபோம் கதை இன்னும் மோசம். அந்த ஃபோம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கனம். மணல் பருக்கை, சின்னச் சொரசொரப்பு, நடக்கும் சத்தம் இவற்றை அது வாங்கும். பள்ளத்தை வாங்காது. பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி நிற்கும் பலகை, கால் வைக்கும்போதெல்லாம் கீழே வளைந்து மேலே வரும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய நாக்கு நாளுக்கு நூறு தடவை வளைந்தால் உடையாமல் என்ன செய்யும்? முதலில் டப் டப் என்று சத்தம் வரும், அப்புறம் பூட்டு விடும், அப்புறம் அந்தச் சந்தில் தூசியும் தண்ணீரும் இறங்கும்.

அறையை அளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆறடி நீளமுள்ள நேரான அலுமினியக் கோல் ஒன்றை மேஸ்திரியிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைவாக்கில் வைத்துப் பாருங்கள். ஆறடிக் கோலின் அடியில் எங்கேயும் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக்கூடாது என்பது இந்த மாதிரிப் பலகைகளுக்குப் பொதுவான கணக்கு. நீங்கள் வாங்கும் பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். இப்போது புழக்கத்தில் இருக்கும் சின்ன ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அந்த அடுக்கு சந்துக்குள் தாராளமாக நுழைந்தால் அது பள்ளம். சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். கோல் நடுவில் முட்டி இரண்டு பக்கமும் ஆடினால் அது மேடு. அதற்குப் பெருக்கல் குறி போடுங்கள். மொத்தச் சாய்வைப் பார்க்க டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சுவரைச் சுற்றி ஒரே உயரத்தில் குறி வைத்து, அங்கிருந்து தரை வரை இரண்டடிக்கு ஒரு இடம் அளந்து எழுதுங்கள். நான் லேசரும் வைத்திருக்கிறேன். ஆனாலும் சந்தேகம் வந்தால் தண்ணீரைத்தான் நம்புவேன்.

படம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒரு அங்குலமும் 14 அடியில் சீராகப் பரவியிருந்தால், வெடிப்பை ஒட்டிய மேடு பள்ளத்தை மட்டும் சரிசெய்தால் போதும். அப்படியில்லாமல் முக்கால்வாசி அறை சமமாக இருந்து, கடைசி நாலடியில் மட்டும் சட்டென்று இறங்கினால், அந்த நாலடியை நிரப்பி ஏற்ற வேண்டும். அதற்கும் அறை முழுவதும் கான்கிரீட் தேவையில்லை.

அடுத்தது ஓதம், அதாவது மண்ணிலிருந்து தரைக்கு ஏறும் ஈரம். மலையில் என் தொழிலில் முக்கால்வாசித் தோல்விக்கு இதுதான் காரணம். உங்கள் தரை நாற்பது வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துத் தரைகளுக்கு அடியில் பெரும்பாலும் ஈரத்தைத் தடுக்கும் ஷீட் எதுவும் இருக்காது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டு வழியாக வந்து காற்றில் கலந்துவிடும், உங்களுக்குத் தெரியாது. மேலே பிளாஸ்டிக் பலகையைப் போட்டு மூடினால் அந்த ஈரம் எங்கே போகும்? பலகைக்கு அடியிலேயே நிற்கும், இல்லையென்றால் சுவரோரம் ஏறும்.

தொழிலுக்கு வந்த புதிதில் குன்னூரில் ஒரு வீட்டில், மழைக்காலத்தில், புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்தின் மேல் வினைல் விரிப்பை ஒட்டினேன். கைக்குக் காய்ந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர்கள் அவசரப்பட்டார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். பொங்கலுக்குள் அங்கங்கே உப்பிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் பசை கூழாகிக் கிடந்தது, அடியெல்லாம் கருப்புப் பூசணம். அந்த வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை இருந்தது. என் செலவில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். அன்றிலிருந்து காய்ந்ததா இல்லையா என்பதைக் கையிடம் கேட்பதில்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. 18 அங்குலச் சதுரமாகக் கெட்டியான, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் தரையில் டேப் ஒட்டுங்கள். ஒரு முழு ராத்திரி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். வெடிப்புக்குப் பக்கத்தில் ஒன்று, மேல்பக்கச் சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று என மூன்று இடத்தில் செய்யுங்கள். மழை பெய்யும் மாதத்தில் செய்தால்தான் உண்மை தெரியும். ரெட் ஆக்சைடு தரைக்கு மெழுகு போட்டிருந்தால், ஷீட் ஒட்டும் இடத்தில் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மெழுகு ஈரத்தை மறைக்கும்.

வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. சிமெண்டு கலந்த எதுவும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். தரையின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும் ராத்திரிகளில் செல்ஃப் லெவலிங் கலவையை (தரையைச் சமமாக்க மெல்லிசாக ஊற்றும் சிமெண்டுப் பவுடர் கலவை) ஊற்றாமல் இருப்பது நல்லது.

முதல் வேலை கிரைண்டிங். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். உங்கள் அப்பா காலத்தில் கையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரை அது. ஆனால் அந்தப் பளபளப்பின் மேல், அதுவும் வருஷக்கணக்கில் மெழுகும் எண்ணெயும் குடித்த தரையின் மேல், எந்தக் கலவையும் பிடிக்காது. மேலே ஒட்டிய மாதிரி நின்று, ஒரு வருஷத்தில் பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். தூசி உறிஞ்சும் கருவி மாட்டிய கிரைண்டரால் மேல்தோலை எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அம்மாவை வேறு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். சிமெண்டுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, வேலை செய்பவர்களுக்கும் நல்ல மாஸ்க் வேண்டும். மேடு என்று பெருக்கல் குறி போட்ட இடங்கள் இந்தக் கிரைண்டிங்கிலேயே குறைந்துவிடும். பள்ளத்தை நிரப்புவதைவிட மேட்டைக் குறைப்பது எப்போதும் மலிவு.

வெடிப்பை ஆங்கில வி எழுத்து மாதிரி கொஞ்சம் அகலப்படுத்தி, தூசி எடுத்து, எபாக்ஸி பேஸ்டால் நிரப்புங்கள். ஓதச் சோதனையில் ஈரம் தெரிந்திருந்தால் ஈரம் தடுக்கும் எபாக்ஸியை இரண்டு கோட் அடித்து, இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவ வேண்டும். அந்த மணல்தான் மேலே வரும் கலவைக்குப் பிடிமானம். ஈரம் தெரியவில்லை என்றால் கலவைக் கம்பெனி சொல்லும் பிரைமர் போதும்.

மேஸ்திரி, செல்ஃப் லெவலிங் எதற்கு, நானே சிமெண்டும் எம்-சாண்டும் கலந்து அரை அங்குலம் இழுத்துவிடுகிறேன் என்பார். வெறும் சிமெண்டுக் கலவை அவ்வளவு மெல்லிசாக நிற்காது. அதற்குக் குறைந்தது முக்கால் முதல் ஒரு அங்குலக் கனம் வேண்டும். ஓரத்தில் மெலிந்து முடியும் இடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். கடைசி நாலடி மட்டும் ஆழமாக இறங்கிய வீடு என்றால், அந்த ஆழமான பாகத்தை மட்டும் பாலிமர் சேர்த்த கலவையால் மேஸ்திரி நிரப்பட்டும். அதில் அவர் கைதான் நல்ல கை. மேலே மெல்லிய பாகத்துக்கு செல்ஃப் லெவலிங்.

பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் ஏற 1.7 கிலோ பவுடர் ஆகும். உங்கள் அறைக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் என்றால் 133 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டையில் ஆறு. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். ஒன்று கவனியுங்கள். பெயரைப் பார்த்துவிட்டு, ஊற்றினால் தானாக மட்டமாகிவிடும் என்று நினைப்பார்கள். அது தண்ணீர் அல்ல. சாய்வை அப்படியே வைத்துக்கொள்வது நம் திட்டம் என்று வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கலவையைக் கெட்டிப் பதத்தில், பள்ளம் பள்ளமாக, அலுமினியக் கோலால் இழுத்து நிரப்புவார். இல்லையென்றால் தாழ்ந்த பக்கமே ஓடித் தேங்கி, ஆறு மூட்டைக்குப் பதினைந்து மூட்டை இழுத்துவிடும்.

தண்ணீரை அளவுக் குவளையில்தான் அளக்க வேண்டும். மூட்டையில் போட்டிருப்பதற்கு மேல் ஒரு டம்ளர்கூட வேண்டாம். நன்றாக ஓடட்டும் என்று கொஞ்சம் கூட ஊற்றினால் மேல்பரப்பு காய்ந்ததும் விரலால் தேய்த்தால் மாவாக வரும். ஊற்றும்போது ஜன்னலை மூடி வையுங்கள், காற்றடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். அடுத்த நாள் திறந்துவிடுங்கள். ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் காயட்டும் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

காய்ந்தது என்று தோன்றியதும் மறுபடி அதே பிளாஸ்டிக் சோதனை. காய்ந்த பிறகு 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை, ஒன்றன்மேல் ஒன்று 8 அங்குலம் ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, சுவரோரம் கொஞ்சம் மடித்து ஏற்றி, அதன் மேல் பலகையைப் போடுங்கள். கடையில் இதை 1000 கேஜ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். சுவரைச் சுற்றி 8 முதல் 10 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். எஸ்.பி.சி.யில் சுண்ணாம்புக்கல் பவுடர் இருப்பதால் ஈரத்துக்கு ஊதாது, மலைக்கு அது நல்ல தேர்வு. ஆனால் மரத்தைப் போல வெதுவெதுப்பாக இருக்காது. அடியில் கார்க் ஒட்டி வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவின் காலுக்கு வித்தியாசம் தெரியும்.

உள்ளறையை மூட வேண்டாம். மரத்தின் மேல் சிமெண்டுக் கலவை ஊற்றினால் மரம் அசையும்போது அது வெடிக்கும். பிளாஸ்டிக் பலகை போட்டு மூடினால் அடியில் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரப்பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் இற்றுப்போகும். வெளியே போய் அஸ்திவாரச் சுவரில், தரைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தோட்டத்து மண் ஏறி ஏறி அவற்றை மூடியிருக்கும், பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். திறந்துவிடுங்கள். அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு பலகையைக் கழற்றிச் சட்டத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கத்தி சுலபமாக இறங்கும் சட்டத்தை மாற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால், கிரீச்சிடும் பலகைகளை ஆணிக்குப் பதில் ஸ்குரூவால் இறுக்கினாலே சத்தம் பாதி போய்விடும். தூக்கிய ஓரங்களை இழைத்து, பாலிஷ் போட்டு, மேலே பவானி ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். அதைச் சுருட்டி வெயிலில் போடலாம், அடியில் மரமும் காயும்.

இரண்டு அறைக்கும் நடுவே வாசலில் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மாறும். அங்கே சரிவாக இறங்கும் ஓரப்பட்டி ஒன்று வையுங்கள், முகப்பு செங்குத்தாக நிற்கும் பட்டி வேண்டாம். அம்மாவை அதன் மேல் செருப்போடும் வெறுங்காலோடும் இரண்டு தடவை நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்குரூவை முடுக்கச் சொல்லுங்கள்.